பின்பாரம், முன்பாரம்

எங்கள் மரக்காணத்தில் குதிரையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் இப்போது கிடையாது. குதிரைதான் கிடையாது. நான் பையனாக இருந்த காலத்தில் இது தலைகீழாக இருந்தது. திண்டிவனம் ரயிலடி வாசலில் ஜட்கா வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மட்டக்குதிரை, வாயில் கடிவாளம், கண்ணுக்கு மறைப்பு, முதுகில் ஈ. அந்தக் குதிரைகளைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வண்டி வாடகையைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது.

அந்த வரிசையில் ஒரு வண்டி என் தாத்தாவின் அண்ணனுடையது. பெரிய தாத்தா என்று கூப்பிடுவோம். மாசி மகத்துக்கு மட்டும் ரயிலடியை விட்டுவிட்டு, முதல் நாளே புறப்பட்டு, வழியில் ஓர் இரவு தங்கி, வண்டியோடு மரக்காணம் வந்து சேருவார். தீர்த்தவாரிக்குச் சாமிகள் கடற்கரைக்கு வரும். சாமியைப் பார்க்கக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் சவாரி உண்டு. பக்திக்கும் பிழைப்புக்கும் நடுவே அவர் கோடு எதுவும் கிழித்துக்கொள்ளவில்லை.

ஜட்காவில் ஏறுவது ஒரு கலை. பின்பக்கமாக ஏறி, வைக்கோல் மேல் விரித்த சாக்கில் காலை மடக்கி உட்கார வேண்டும். எல்லோரும் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டால் வண்டி பின்பக்கம் சாய்ந்து, குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஓடும் வார் அதை மேலே தூக்கும். முன்னால் நெருக்கினால் பாரம் முழுக்க அதன் முதுகில் இறங்கும். ஆகவே ஒவ்வொரு சவாரிக்கும் பெரிய தாத்தா, ஒரு மந்திரிசபையை அமைக்கும் கவனத்தோடு ஆட்களை இடம் மாற்றி உட்கார வைப்பார். “பின்பாரம், பின்பாரம்! கொஞ்சம் முன்னால வா ஆயா, குதிர தூக்குல தொங்குது பாரு” என்பார். ஆயா நகர்வாள். “இப்ப முன்பாரம்” என்பார். ஆயா திட்டுவாள். சாட்டையை அவர் குதிரைமேல் வீசி நான் அதிகம் பார்த்ததில்லை. அதன் கழியைச் சக்கர ஆரங்களுக்கு நடுவே நீட்டுவார். டர்ரென்ற சத்தம் கேட்டால் குதிரை தானே வேகம் கூட்டும். அந்தச் சத்தத்துக்கு முன்பு, பழக்கிய காலத்தில், அடி ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. சத்தம் ஜோராக இருந்தது.

சுமை இழுக்கும் விலங்குகளுக்காக மத்திய அரசு 1965-இல் விதிகள் போட்டது. வண்டிக்காரர் நீங்கலாக நாலு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது, ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கணக்கில் இல்லை. பெரிய தாத்தா இந்த விதியைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதன் இரண்டாம் பாதியை மிகக் கறாராகக் கடைப்பிடித்தார். மாசி மகத்தன்று அவர் வண்டியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையே ஏறியதில்லை. மீசை அரும்பியவனுக்கும் ஐந்துதான்.

அதே விதிகளில் இன்னும் சில உண்டு. நாளுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வண்டியில் பூட்டவே கூடாது. சமீபத்தில் ஒரு பேச்சில் இதை நான் எடுத்துச் சொன்னபோது, அளத்தில் உப்பு வாரும் ஓர் அக்கா நிறுத்திக் கேட்டார்: “குதிரைக்கு முப்பத்தேழு. எங்களுக்கு எத்தினி டிகிரின்னு போட்டுருக்கான்?” என்னிடம் பதில் இல்லாததால் குதிரையைப் பற்றியே தொடர்ந்து பேசினேன்.

பெரிய தாத்தா நல்லவரா, கொடியவரா? இப்படிக் கேட்பது இக்காலத்துப் பழக்கம் என்பதால் நானும் கேட்டுப் பார்க்கிறேன். எங்கள் ஊர் உப்புக் கல் ஒன்றை எப்போதும் தீனித் தொட்டியில் போட்டு வைப்பார். வியர்வையில் குதிரைக்கு உப்பு ஏராளமாகப் போகிறது, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று இப்போது கால்நடை மருத்துவர்கள் சொல்வதை அவர் காரணம் தெரியாமலே செய்தார். வீட்டுக்கு வந்ததும் முதலில் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், பிறகுதான் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார். ஆனால் அதே குதிரையின் தோளில் பட்டை உராய்ந்த புண் ஆறியும் ஆறாமலும் வருஷம் முழுக்க இருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி மறுநாளும் பூட்டினார். ஒரு கால் நொண்ட ஆரம்பித்ததும் விற்றார். விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்லுவாள். விற்காமலும் இருக்கவில்லை.

குதிரை வாங்கும்போது அவர் பார்ப்பது மூன்று: பல், சுழி, நடை. பல்லில் வயது தெரியும். சுழியில் வாங்குகிறவன் தலையெழுத்து தெரியும் என்று நம்பிக்கை. நடையில்தான் வருமானம் தெரியும். மடியில் தூங்கும் பிள்ளை முழித்துக்கொள்ளாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் அது நல்ல நடை. பழைய நிகண்டுகள் குதிரையின் கதியை ஐந்தாகப் பிரித்து மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் சூட்டி வைத்திருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள் போலிருக்கிறது. நடந்தவர்களைக் கேட்டிருந்தால் பெயர்கள் வேறாக இருந்திருக்கும்.

சாதாரணக் குதிரை ஓட்டநடை போடும்போது எதிரெதிர் மூலையில் உள்ள கால்களைச் சேர்த்துத் தூக்கி வைக்கிறது. ஒவ்வோர் எட்டுக்கும் நடுவே நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன. மேலே இருப்பவரின் முதுகுத்தண்டு அதற்குக் கணக்கு எழுதிக்கொள்ளும். சில இனங்களுக்கு மட்டும் பிறவியிலேயே இன்னொரு நடை வாய்த்திருக்கிறது. கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும், ஏதாவதொரு கால் எப்போதும் மண்ணில் இருக்கும், முதுகு தூக்கிப்போடாது. ராஜஸ்தானத்து மார்வாரி குதிரையின் ‘ரேவால்’ இப்படிப்பட்டது. ஐஸ்லாந்துக் குதிரையின் ‘டோல்ட்’டும் அமெரிக்காவின் டென்னஸி வாக்கிங் குதிரையின் நடையும் இதே குடும்பம். டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்துக்கும் இப்படிப்பட்ட நடைக்கும் தொடர்பு உண்டு என்று 2012-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆக, சொகுசு நடை குதிரையின் ரத்தத்தில் இருக்கிறது. சொகுசு போதாது, அழகும் வேண்டும், கைத்தட்டலும் வேண்டும் என்பது மட்டும்தான் நம்முடையது.

இந்தக் கரை குதிரையை நெடுங்காலமாக அறியும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் கருதுகிறோம். அந்தப் பாட்டிலேயே காரி என்ற குதிரையில் ஏறி வந்த காரியும் ஓரி என்ற குதிரையில் ஏறி வந்த ஓரியும் மோதிக்கொள்கிறார்கள். குதிரைக்குத் தன் பெயரையே வைக்கும் அளவு பாசம். அதே பாசத்தோடு அதைப் போருக்கும் ஓட்டினார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கே பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, முதல் விலங்கு நலக் குற்றச்சாட்டை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியவில்லை, சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகப் போடுகிறார்கள் என்பது அவர் புகார். இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை கொண்டுவரும் ஹோர்முஸ், ஏடன் வியாபாரிகள், குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் எவனையும் இந்தப் பக்கம் வரவிடுவதில்லை, செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விற்பனை. ரிப்பேர் கடை இல்லாமல் செல்போன் விற்கும் வித்தையை அன்றே கண்டுபிடித்திருக்கிறார்கள். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டு பாண்டிய நாட்டில் மிச்சமானது பணம் மட்டுமல்ல என்று தோன்றுகிறது. அவருக்காக இறைவன் பரியாக்கி அனுப்பிய நரிகள் ராத்திரியில் மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. அரசனின் நஷ்டம், மந்திரியின் தண்டனை, இறைவனின் கருணை மூன்றையும் பற்றிப் பேசாத கதாகாலட்சேபம் இல்லை. கடிபட்ட குதிரைகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் மாவட்டத்துக் குதிரை நாயகன் செஞ்சி தேசிங்கு ராஜன். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி 22 வயதில் மாண்டவன். டெல்லி லாயத்தில் ஒருவனுக்கும் அடங்காமல் நின்ற பாராசாரி என்ற குதிரையை இந்தப் பிள்ளை அடக்கினான் என்று கதைப்பாட்டு சொல்லும். பாட்டைக் கேட்டுவிட்டு நாங்கள் உப்பள வரப்பில் பனைமட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஓடுவோம். எல்லோரும் தேசிங்குதான். பாராசாரியாக இருக்க ஒருவனும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்த அப்பாவித்தனம் எங்களை விட்டுப் போனது சட்டத்தால் அல்ல, பஸ்ஸால். பஸ் வந்தது, ஆட்டோ வந்தது, ஜட்கா தானாக மறைந்தது. திண்டிவனத்துக் குதிரைகளை எந்தச் சங்கமும் விடுவிக்கவில்லை, டீசல் விடுவித்தது. விடுதலை பெற்ற குதிரைகள் எங்கே போயின என்று நானும் விசாரிக்கவில்லை.

சட்டம் மட்டும் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதற்குப் பாடுபட்டவர் ஒரு நாட்டியக்காரர். கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்து தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் பின்விளைவாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். ஆடலின் அருமை தெரிந்தவர் போட்ட சட்டத்தின் கீழே, குதிரையை அடித்து ஆட வைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அது 1960-இல் ஒரு தொகை. இன்று மரக்காணம் பஸ் நிலையத்தில் நாலு டீ குடித்தால் தீர்ந்துவிடும்.

கிண்டி குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974-இல் சட்டம் போட்டது. காரணம் பந்தயம் கட்டும் குடும்பங்கள் நாசமாகின்றன என்பது. அதை எதிர்த்த வழக்கு 1996 வரை நடந்து, குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமல்ல, திறமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு நிலக் குத்தகைத் தகராறு. 2024 செப்டம்பரில் அரசு மைதானத்துக்குச் சீல் வைத்தது. அரை நூற்றாண்டாகச் சூதாட்டம், திறமை, ஏக்கர், பாக்கி என்று எல்லாக் கோணத்திலும் வாதாடியாயிற்று. சாட்டை எந்தக் கோணத்தில் விழுகிறது என்பது மட்டும் பெரிய வாதமாகவில்லை.

எங்கள் ஊர்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இலிருந்து. அங்கே எடுக்கும் விஷத்தைத்தான் குதிரைகளின் உடம்பில் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து தயாரிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வரப்பில் கடிபட்டுப் பிழைத்தவர் ஒவ்வொருவர் உடம்பிலும் ஏதோவொரு குதிரை ஓடியிருக்கிறது. ஆடாத, ஓடாத, அலங்காரம் இல்லாத அந்தக் குதிரைகளைப் பற்றி ஆதரவாகவோ எதிராகவோ எங்கள் தெருவில் ஒரு கருத்தும் கிடையாது. நான் இதைச் சொன்னால், பேச்சை மாற்றாதே என்கிறார்கள்.

பேச்சு என்னவென்றால், கல்யாணப் பேச்சு. என் தங்கை பேரனுக்குக் கல்யாணம். இப்போது கடற்கரைச் சாலை மண்டபங்களில் செண்டை மேளம், டிரோன், நாட்டியக் குதிரை மூன்றும் சேர்த்து ஒரே விலை சொல்கிறார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் விலைக்கு வருகின்றன, அங்கேயே மேளத்துக்கு ஆடியும் காட்டுகின்றன. அப்படி வாங்கிய ஒரு வெள்ளைக் குதிரை எங்கள் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கு வந்துகொண்டிருந்தது. முழங்காலை மார்புவரை தூக்கி வைக்கும், பம்பைக்குத் தலையாட்டும், கட்டளையிட்டால் பின்னங்கால்களில் நிற்கும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் கல் குதிரைகள் நூற்றாண்டுகளாக நிற்கும் அதே நிலைதான். கல்லுக்கு முழங்கால் தேயாது என்பது வித்தியாசம்.

பிள்ளையின் அப்பா, என் மருமகன், முன்பணமே கொடுத்துவிட்டான். “மாமா, குதிர இல்லன்னா வீடியோல ஒண்ணுமே நிக்காது. நம்ம கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?” எங்கள் வம்சத்தில் குதிரைமேல் ஏறியவன் ஒருவனும் இல்லை, பின்னால் உட்கார்ந்து ஓட்டியவர்தான் உண்டு என்று நான் நினைவுபடுத்தினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

சிக்கல் பெண் வீட்டிலிருந்து வந்தது. மணப்பெண் புதுச்சேரியில் கால்நடை மருத்துவம் படித்தவள். குதிரை வந்தால் தான் மேடை ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை. குதிரையின் வாயைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். இது எங்கள் வீட்டில் பெரிய அவமானமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மாப்பிள்ளையின் பல்லைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் ராத்திரி பகலாக உட்கார்ந்துவிட்டு வந்த ஒரு சித்தப்பா முறை, “இது பீட்டா பேசுற பேச்சு, நம்ம பண்பாட்ட அழிக்கிற வேல” என்று ஆரம்பித்தார். வித்தை காட்டப் பழக்கக்கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011-இல் சேர்ந்தது காளை, குதிரை அல்ல. அதனால் குதிரைக்காக யாரும் மெரினாவில் உட்கார நேரவில்லை. அதே மணலில் சவாரிக் குதிரைகள் வருஷம் முழுக்கச் சுண்டல் கடைகளுக்கு நடுவே நடந்துகொண்டுதான் இருக்கின்றன. என் தங்கை, குதிரை ஐயனார் வாகனம், அதைப் போய்க் குறை சொல்வதா என்றாள். எனக்கு ஐயனார் கோயில் சிமென்ட் குதிரை ஞாபகம் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடிப்பு, படையலில் முன்னிலை, சவாரி நள்ளிரவில் மட்டும். இந்த வட்டாரத்திலேயே மிக நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை அதுதான். மணப்பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “தாத்தா, அந்த ஐயனார் குதிரையோட மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? வாய் பொளந்து, பல்லு தெரிஞ்சு, கண்ணுல வெள்ள தெரிஞ்சு, காது பின்னால மடங்கி?” பார்த்திருக்கிறேன். வீரம் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர் சவாரிக் குதிரையின் வலியைக் கண்டுபிடிக்க 24 அறிகுறிகளைத் தொகுத்திருக்கிறாராம்; எட்டு அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். ஐயனார் குதிரை நின்ற இடத்திலேயே நாலைந்து வாங்கிவிடுகிறது. கோயில் குதிரை செய்த குயவர்கள் குதிரையை உற்றுப் பார்த்தவர்கள்தான். நாங்கள்தான் அவர்கள் செய்ததை உற்றுப் பார்க்கவில்லை.

பிறகு அவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அமெரிக்காவின் டென்னஸி மாநிலம். ஒரு குதிரை முன்னங்கால்களை முகவாய்க்கு எழுப்பி, பின்புறம் ஏறக்குறைய தரையில் படிய, நெருப்பில் நடப்பதைப் போல வருகிறது. தோட்டங்களைச் சுற்றி மேற்பார்வை பார்க்கிறவர்கள் பகல் முழுக்கக் களைப்பில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக வளர்த்த இனம் அது. நடையின் சொகுசு போட்டிக்குப் போனபோது, யார் குதிரை காலை அதிகம் தூக்குகிறது என்பதில் பரிசு வந்தது. பரிசு வந்ததும், குளம்புக்கு அடியில் கனமான அடுக்குகள், கணுக்காலில் சங்கிலி, சங்கிலி உராயும் தோலில் எரிச்சலூட்டும் ரசாயனம் என்று குறுக்குவழிகளும் வந்தன. தரையில் வைத்தால் வலிக்கும் கால் தானாகவே உயரத் தூக்கும். இதைத் தடுக்க 1970-இல் அங்கே தனிச் சட்டமே போட்டார்கள். 2006-இல் ஷெல்பிவில் பெருவிழாவில் பரிசோதகர்கள் போட்டிக் குதிரைகள் பலவற்றை நிறுத்திவிட, அந்த ஆண்டு சாம்பியன் பட்டமே கொடுக்கப்படவில்லை. அதற்குப் பிறகும் அடுக்கையும் சங்கிலியையும் முற்றாக விலக்கலாமா என்று அரசும் குதிரைக்காரர்களும் நீதிமன்றமும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தரப்பு இதைச் சித்திரவதை என்கிறது. இன்னொரு தரப்பு ஒரு சிலர் செய்யும் தப்புக்காக மொத்தப் பரம்பரையையும் பழிக்காதே என்கிறது. கடைசி வாதத்தைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு டென்னஸிக்காரர்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

“நம்ம ஊர் குதிரைக்காரர் அப்படிச் செய்றார்னு நான் சொல்லல. ஆடுறதே தப்புன்னும் சொல்லல. எதுக்குப் பயந்து ஆடுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான்” என்றாள் மணப்பெண். ஐஸ்லாந்தில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். போட்டிக் குதிரைகளின் வாயைத் திறந்து பரிசோதித்து, ஒருவகைக் கடிவாளம் காயம் செய்கிறது என்று தெரிந்து, 2014-இல் தேசியப் போட்டியில் அதைத் தடை செய்தார்கள். போட்டி நிற்கவில்லை. டோல்ட்டும் நிற்கவில்லை. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை என்றாலும் இங்கே எழுதிவிடுகிறேன்: நடையைப் பார்த்துக் குதிரையின் சுகத்தைத் தீர்மானிக்க முடியாது. வாயோரம், தோள், குளம்பு மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் முடியும். பெரிய தாத்தாவின் குதிரையைக் குளம்பில் பார்த்தால் அவர் மகான்; தோளில் பார்த்தால் 50 ரூபாய் அபராதக்காரர்.

மறுநாள் குதிரையைப் பார்க்க ஆறு பேர் போனோம். குதிரைக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டார். முள் வைத்த கடிவாளம் 1965 விதியிலேயே தடை என்று மணப்பெண் சொன்னதும், “எங்கிட்ட அது இல்லீங்கம்மா, பாத்துக்கங்க” என்று தானே கழற்றிக் காட்டினார். முள் இல்லை. முறுக்கிய கம்பி இருந்தது. அவள் குதிரையின் நெற்றியைத் தடவி, உதட்டை விலக்கி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். வாயின் இரண்டு ஓரத்திலும் பழைய தழும்பு தடித்திருந்தது. “முன்னாடி வச்சிருந்தவன் செஞ்சதும்மா” என்றார். உண்மையாகவும் இருக்கலாம், சந்தைக் குதிரைக்கு முன்னாடி ஒருவன் எப்போதும் உண்டு. குளம்பு ஒழுங்காகச் செதுக்கியிருந்தது. லாடம் புதிது. வயிறு நிறைந்திருந்தது. தீனித் தொட்டியில் உப்புக் கல் கிடந்தது, எங்கள் ஊர் உப்புதான்.

“கடிவாளம் இல்லாம ஆடுமாண்ணே?” என்று கேட்டாள்.

அவர் யோசித்துவிட்டு, வெறும் தலைக்கயிற்றோடு விட்டு, மகனைப் பம்பை அடிக்கச் சொன்னார். குதிரை காதைத் திருப்பியது. இரண்டு கால் மாற்றி வைத்தது. ஒருமுறை முழங்காலைத் தூக்கியது. பிறகு பம்பையை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் போய்ப் புல்லைக் கடித்தது.

அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று எல்லோரும் ஒருமித்துச் சொன்னார்கள். பார்த்தாயா, சந்தோஷமாகத்தான் ஆடுகிறது என்றான் மருமகன். பார்த்தீர்களா, விட்டால் ஆடுவதில்லை என்றாள் மணப்பெண். பண்பாடு ரத்தத்தில் இருக்கிறது, கடிவாளத்தில் இல்லை என்றார் சித்தப்பா. மாப்பிள்ளைப் பையன், தனக்கு உயரம் என்றாலே பயம் என்பதை அப்போதுதான் முதல்முறையாக வெளியிட்டான்.

ஒருவழியாக உடன்பாடு வந்தது. குதிரை வரும். மழமழவென்ற கடிவாளம்தான் போட வேண்டும். பின்னங்காலில் நிறுத்தக்கூடாது. தார் ரோட்டில் ஆட்டக்கூடாது, மண்டபத்து மணலில் மட்டும். பகல் பன்னிரண்டுக்குள் நிழலுக்குப் போய்விட வேண்டும். மாப்பிள்ளை ஏறமாட்டார், பக்கத்தில் நடந்து வருவார். டிரோன் தள்ளிப் பறக்கும். புகைப்படக்காரர் மட்டும், உப்பளத்துக்கு நடுவே வெள்ளை உப்புக் குவியல் பின்னணியில் வெள்ளைக் குதிரை, ஒரே ஒரு ஷாட் என்று கெஞ்சினார். உப்புநீர்ச் சேற்றில் கீறல் பட்ட கால் எப்படி எரியும் என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அவர் கேட்கப் போனார். அவர்களையே படம் எடுத்துக்கொண்டு திரும்பினார், நன்றாக வந்திருந்தது.

கணக்குப் பேசும்போதுதான் குதிரைக்காரர் தலையைச் சொறிந்தார். ஆள் ஏறவில்லை, தூக்கி நிற்கவில்லை, நேரமும் பாதிதான், வாடகையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று மருமகன் கேட்டிருந்தான்.

“குறைக்கிறதுக்கு இல்லீங்க. ஆள ஏத்திக்கினு ஆடுறது அதுக்குப் பழக்கம். ஏத்தாம சும்மா நடக்கணும்னா புதுசாப் பழக்கணும். பத்து நாள் ட்ரெயினிங். அது தனி.”

அந்தத் தொகையை யார் கொடுப்பது என்பதில் இரண்டு வீட்டாருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.